கூறைத் தட்டில் வைத்த கை

இருபத்தைந்து வருடம் படையில் இருந்தவனிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போதாவது பயந்தீர்களா? பயந்தேன். மடத்துவெளியில், ஒரு கல்யாணப் பந்தலில், ஒரு தட்டின் முன்னால். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்த ஐம்பத்தாறில்தான் நான் படையில் சேர்ந்தேன். “உனக்கு வேறை வேலை கிடைக்கேல்லையோ?” என்று ஊர் கேட்டது. கிடைத்தது, எனக்குப் பிடித்தது இது. சிங்களம் படித்துப் பரீட்சை எழுதி, மற்றவன் ஒரு படி ஏற நான் ஒன்றரைப் படிக்கு உழைத்து, எழுபதுகளின் தொடக்கத்தில் மேஜர் ஆனேன். உடனே தீவுப் பகுதிக்கு அனுப்பினார்கள், அக்கரையிலிருந்து வரும் கடத்தலைப் பிடிக்க. சொந்த ஊர் வேண்டாம் என்று எழுதிக் கேட்டேன். ஊரை அறிந்தவன்தான் வேண்டும் என்று பதில் வந்தது.

இரண்டு வருடம் கழித்து அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அதற்கு மூன்று நாள் இருக்கையில், விடியற்காலை, சாட்டிக் கடற்கரையில் ஒரு வள்ளத்தை மடக்கினோம். பொதி பொதியாகச் சேலை. முகாமுக்குக் கொண்டுபோய் ஓர் அறையில் போட்டுப் பூட்டினேன். ஒரு சாவி என்னிடம், மற்றது என் துணை அதிகாரியிடம். அன்று காலை வயிறு நிறையச் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது.

மத்தியானம் வேலணையில் நாங்கள் இருந்த வீட்டுக்கு அக்கா வந்தார். உட்காரக் கதிரையைக் காட்டினேன். நின்றபடியே சொன்னார்.

“தம்பி, நீ பிடிச்ச பொதிக்குள்ள பிள்ளையின்ர கூறை கிடக்குது.”

எங்கள் வழக்கத்தில், தாலி கட்டும்போது பெண் உடுத்தும் கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர வேண்டும். இறக்குமதி நின்றுபோய், கடைகளில் நல்ல பட்டு இல்லாத காலம் அது. மாப்பிள்ளையின் தாய் யாரையோ பிடித்து அக்கரையிலிருந்து எடுப்பித்திருக்கிறார். அதைத்தான் நான் பிடித்திருக்கிறேன்.

“ஒரு சீலை தம்பி. ஒண்டே ஒண்டு. ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும் அக்கா. ஏலாது.”

“கூறை இல்லாமல் அவை பந்தலுக்கு வரமாட்டினம். கலியாணம் குழம்பினால் என்ர பிள்ளையை ஆர் கட்டுவான்? உன்ர சட்டமோ?”

அக்கா வாசல் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தார். “தாய்மாமனாய் வாறதெண்டால் வா. மேஜராய் வராதை.”

நெஞ்சு எரிந்தது. ஒரு தமிழ் அதிகாரி எங்கே வழுக்குவான் என்று கொழும்பில் காத்திருந்தவர்களை அக்காவுக்குத் தெரியாது. எனக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். என் துணை அதிகாரி, தெற்கைச் சேர்ந்த லெப்டினன்ட், மறுநாள் மெல்ல வந்து, “ஒரு சேலைதானே சேர், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். நல்ல மனத்தோடுதான் சொன்னான். ஆனாலும் அவன் மேல் எரிந்து விழுந்தேன். மனைவி கல்யாண வேலைக்கென்று முன்கூட்டியே அக்காவின் ஊரான மடத்துவெளிக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று வேட்டி சால்வையோடு போனேன். மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். மேளத்தோடு வந்தார்கள். தேங்காய், தாலி, கூறை வைத்த தட்டு சபையைச் சுற்றி வரத் தொடங்கியது. பெரியவர்கள் ஒவ்வொருவராய்த் தொட்டு ஆசீர்வதித்தார்கள். எல்லோரும் தொட்ட பிறகுதான் கூறை பெண்ணின் கைக்குப் போகும்.

தட்டில் இருந்தது சிவப்புப் பட்டு. நான் பூட்டி வைத்த பொதியிலிருந்து வந்ததோ? மற்றச் சாவி! லெப்டினன்டைப் பார்த்தேன். விருந்தாளியாய் வந்திருந்தவன் தலை குனிந்துகொண்டான்.

தட்டு என் முன்னால் வந்து நின்றது. தொட்டால், பிடித்த கள்ளச் சேலையை நானே ஆசீர்வதித்ததாகும். தொடாவிட்டால், தாய்மாமன் கை வைக்காத கூறையோடு அந்தப் பிள்ளை எப்படி மணவறையில் இருப்பாள்? மேளம் நின்றிருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு ஏந்தியவர், “தொடுங்கோ தம்பி, நேரம் போகுது” என்றார். என் கை எழும்பவில்லை.

அப்போதுதான் தேங்காய்க்குக் கீழே, கரையோரத்தில், நெல்லளவு மஞ்சள் தையல் தெரிந்தது. எங்கள் கல்யாணத்தன்று என் மனைவியின் கூறையில் ஓமப் பொறி தெறித்துச் சுட்ட ஓட்டை. மஞ்சள் நூலால் அதைத் தைத்தவளும் அவள்தான். லெப்டினன்டை வீணாகச் சந்தேகித்துவிட்டேன். பெண்கள் பக்கம் பார்த்தேன். சாதாரண நூல் சேலையோடு நின்றவள், பேசாமல் தொடுங்கள் என்று கண்ணால் சொன்னாள்.

இரண்டு கையாலும் தொட்டேன். படம் பிடிப்பவர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், என்னிடம் சொல்லாமல் செய்ததற்காக மனைவியிடம் கத்தினேன். அவள் அசையவில்லை.

“கேட்டால் விடமாட்டியள். என்ர சீலை, என்ர விருப்பம். மாப்பிள்ளையின்ர தாயிட்ட நான்தான் குடுத்தனான். உடுத்த சீலையைக் கூறையாய்க் கொண்டு வந்தவ எண்டு ஊர் சிரிச்சால் அவ எங்கட பிள்ளையைத்தான் குத்திக் காட்டுவா. உங்கட வாயால இது ஒரு நாளும் வரக் கூடாது.”

“வராது. நீர் பயப்பிடாதையும்” என்றேன்.

பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் எழுத எங்கள் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பொதியைப் பூட்டுமுன்னரே மருமகளுக்குக் கூறை எடுத்துவிட்டேன் என்று ஒன்று போயிற்று, அந்தப் படத்தோடு. எனக்குப் பதவி உயர்வு வரவிருந்த நேரம். கொழும்பில் மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். படத்தை என் முன்னால் தள்ளி, “இந்தச் சேலை யாருடையது?” என்று கேட்டார்கள்.

மனைவியுடையது என்று ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சரிபார்க்க மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் போவான். பொழுதுபட முன் தீவு முழுக்கக் கதை பரவும்.

“தெரியாது சேர்.”

“கையை வைத்திருப்பது நீங்கள்தானே?”

“ஓம் சேர்.”

ஆதாரம் இல்லையென்று தண்டனை இல்லை. உயர்வு மட்டும் நான்கு வருடம் நின்றது. நான் பழக்கி, பின் என்னைத் தாண்டிப் போன இரண்டு பேருக்கு நான் சலூட் அடித்தேன். அவமானமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

கேணலாய் ஓய்வு பெற்று வந்தபின் ஒருநாள் நயினாதீவில் மருமகள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய மாமியார் காலமாகிவிட்டார். இனி யாருக்கு நட்டம் என்று கதையைச் சொன்னேன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் மாமா” என்றாள் அவள். “உடுக்கேக்கை உங்கட வீட்டில மாமியின்ர அலுமாரி மணம். இவரின்ர அம்மாவும் முதல் மாசமே அழுது சொல்லிப்போட்டா. கடைசி மட்டும் என்னைத் தன்ர பிள்ளை மாதிரி வைச்சிருந்தவ.”

விசாரணை நடந்தது தெரியாதா என்று கேட்டேன்.

“என்ன விசாரணை?”

சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது. “ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தியள் எண்டால் நானும் இவரின்ர அம்மாவும் ரெண்டு பேருமே கொழும்புக்கு வந்து சொல்லியிருப்பம், மாமா.”

வீட்டுக்கு வந்து, குசினியில் நின்ற மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாலு வருசம்,” என்றேன். “சும்மா போச்சு.”

அவள் அடுப்பிலிருந்ததை இறக்கி வைத்தாள். “பிள்ளைக்குத் தெரியுமெண்டது எனக்கும் தெரியாது” என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்கள் எனக்காகத்தான் சொல்லாமல் இருந்தனீங்கள் எண்டது மட்டும் தெரியும்” என்றாள்.