ஜீவனஹள்ளி வீட்டுச் சன்னல்

பாச்சை உருண்டை வாசனை எனக்குப் பிடிக்காது. போன மாதம் அந்த வாசனை தொம்மலூரில் என் அக்கா மகள் திவ்யாவின் பிளாட்டில் அடித்தது. இரண்டு மாதக் குழந்தை படுத்திருந்த கட்டிலிலிருந்துதான் வந்தது.

கட்டில்மேல் இரண்டு சாமான்கள் கிடந்தன. ஒன்று திவ்யா ஆன்லைனில் வாங்கிய தூக்கப் பை. மேலே கையில்லாத சட்டை மாதிரி இருக்கும், கீழே கால்சட்டைக்குப் பதிலாக மூடிய பை, நடுவில் ஜிப். குழந்தையை உள்ளே விட்டு ஜிப்பை இழுத்தால் போர்வையே வேண்டாம். இன்னொன்று அக்கா பெட்டியின் அடியிலிருந்து கொண்டுவந்த கம்பளிக் குல்லா. திவ்யா கைக்குழந்தையாக இருந்தபோது போட்டது. வாசனை அதிலிருந்துதான்.

நான் பையைத்தான் முதலில் எடுத்தேன். உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தேன், தையலை விரலால் நீவினேன், ஜிப்பை நாலு முறை ஏற்றி இறக்கினேன். கார்மென்ட்ஸ் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. திவ்யா சிரித்தாள்.

"சித்தி, பாஸா ரிஜெக்டா?"

பாஸ், கழுத்துத் தையல் மட்டும் சுமார் என்றேன். கட்டில்மேல் குல்லாவைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. அக்கா குளிக்கப் போயிருந்தாள். இருந்தாலும் திவ்யா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த்தான் பேசினாள். குழந்தை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். வீட்டுக்குள் குல்லா கூடாது, போர்வை கூடாது, மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், நாம் போட்டிருப்பதைவிட ஒரு சுற்றுத் துணி அதிகம் இருந்தால் போதும். அம்மாவோ இவள் கண் அசந்ததும் குல்லா போட்டு, ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, போர்வையும் போர்த்தி, சன்னலை எல்லாம் சாத்திவிடுகிறாளாம். உனக்கும் இதைத்தான் போட்டேன், நீ நல்லாத்தானே இருக்கே என்று கேட்டால் இவள் என்ன பதில் சொல்வாள்?

"நான் சொன்னா சண்டைல முடியுது. நீங்க சொல்லுங்க சித்தி. நீங்க சொன்னா கேட்பாங்க."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, அங்கேயே தங்கியிருந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் காலனியில் குப்பைக்காரனிலிருந்து கவுன்சிலர்வரை எல்லோரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள் நான். அக்காவிடம் ஒரு குல்லாவைப் பற்றிப் பேச முடியவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்கிறேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்களுக்குக் குடியாத்தம். அங்கே வெயில் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். குழந்தைக்கு இடுப்பில் ஒரு துண்டுத் துணி, அதுவும் மாமியார் பார்த்தால் மட்டும். அக்கா கல்யாணமாகி பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்தாள். இரண்டு வருஷம் கழித்து, பத்தொன்பது வயதில், கார்மென்ட்ஸ் வேலைக்கென்று நானும் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மூலை, மேலே சிமென்ட் ஷீட், சந்துப் பக்கம் பார்த்து ஒரே ஒரு சன்னல். முதல் டிசம்பரில் பல் கிட்டித்துப்போனது. வெயில் எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி, எப்படிச் சமாளிப்பது என்று தெரியும். குளிர் அப்படியில்லை. அது எங்கே நுழையும், என்ன செய்யும் என்று எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

அந்தப் பயத்தின் நடுவில் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். பெயர் வைப்பதை மாமா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அதனால் அம்மு.

பெங்களூரில் கைக்குழந்தையோடு தெருவில் இறங்கிப் பாருங்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்திப் புத்தி சொல்வார்கள். பஸ்ஸில் கண்டக்டர் சொல்வார். காய்கறிக்காரம்மா சொல்வாள். வீட்டுக்காரம்மா கன்னடக்காரி, நல்ல மனசு, தானே பின்னிய கம்பளிக் குல்லாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் பேச்சில் அது குலாவி. "கூசிகே குலாவி ஹாக்கம்மா," குழந்தைக்குக் குல்லா போடம்மா என்று போகும்போதும் வரும்போதும் சொல்லுவாள். எல்லோரும் சொன்னதை எல்லாம் நாங்கள் செய்தோம். ஒன்றையும் விடவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அம்முவுக்கு அலங்காரம் தொடங்கும். முதலில் பருத்திச் சட்டை. அதன்மேல் ஃபிளானல் சட்டை. அதன்மேல் ஸ்வெட்டர். காலுக்கு உறை, கைக்கு உறை, தலைக்குக் குலாவி. இரண்டாக மடித்த சோலாப்பூர் போர்வை. எல்லாம் முடிந்தால் மூட்டைமேல் தக்காளிப் பழத்தை வைத்த மாதிரி முகம் மட்டும் தெரியும். கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்று இருக்கும். "பாருடீ, எப்டி செவந்திருக்கா, பெங்களூர் தண்ணி," என்று அக்கா பூரித்துப்போவாள். கழுத்து மடிப்பில் வேர்வை இருக்கும். துடைத்துப் பவுடர் போட்டு மறுபடி மூடுவோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

இல்லை, அக்காவின் அறிவு அவ்வளவுதான். என்னுடையது அப்படியில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் வெளிநாட்டுக்குக் குழந்தைத் துணி தைத்தார்கள். நான் செக்கர். காலையிலிருந்து மாலைவரை நின்றபடி, மெஷின் எண்ணெய், புதுத்துணிக் கஞ்சி, ஸ்டீம் அயர்ன் சூடு எல்லாம் கலந்த வாசனையில், பீஸ் பீஸாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் துணி பார்த்த செக்கர்கள் கொடுத்துவைத்தவர்கள். குழந்தைத் துணிக்கு அத்தனை கெடுபிடி. பட்டன் கையோடு வந்தால் ரிஜெக்ட். கழுத்தில் கயிறு இருக்கவே கூடாது. உள்ளே நூல் தொங்கினால் விரலில் சுற்றிக்கொள்ளுமாம், ரிஜெக்ட். உடைந்த ஊசித் துண்டு ஒன்று கிடைக்கவில்லை என்றால் லைனையே நிறுத்தித் தேடுவார்கள்.

ஒரு சீசனில் புதிதாக ஒரு பீஸ் வந்தது. கையில்லை, காலில்லை, கீழே மூடிய பை. எங்கள் லைனில் அதற்கு மூட்டை என்று பெயர் வைத்தோம். வெள்ளைக்காரன் பிள்ளையை உருளைக்கிழங்கு மாதிரி கட்டிவைக்கிறான் என்று சிரித்தோம். குவாலிட்டி பார்க்கிற நாகராஜ் சார் கன்னடக்காரர், தமிழ் அரைகுறை. கழுத்து அகலமாக இருந்த மூட்டை ஒன்றை நான் பாஸ் செய்துவிட்டேன். என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சினார்.

"கழுத்து பெருசு இருந்தா கொழந்தை உள்ள எறங்கிடும் அம்மா. மூச்சு எங்கிருந்து வரும்? போர்வை போட்டா மொகத்து மேல வரும்னு இத மாடிருக்காங்க, செஞ்சிருக்காங்க. நீ அதையே பாஸ் பண்றே."

அன்றைக்குத்தான் மூட்டை எதற்கென்று புரிந்தது. போர்வை முகத்தில் ஏறாமல் இருக்கத்தான் அது. தலை சூடாகக் கூடாதென்றுதான் அதோடு குல்லா வருவதில்லை என்றும் சொன்னார். கழுத்து அகலமான அந்தப் பீஸை அவரே கத்தரியால் குறுக்காக வெட்டிக் கூடையில் போட்டார். ரிஜெக்ட் துணி எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். இன்னொரு நாள் கறை மட்டும் இருந்த ஒரு மூட்டையை அக்கா குழந்தைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். என்னைப் பார்த்தபடியே அதையும் வெட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அம்முவுக்குத் தேவைப்பட்டது அந்தத் துணி இல்லை. நான் வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை. அதை எந்த வாசலிலும் யாரும் சோதனை போடவில்லை.

ஒருமுறை சொன்னேன். சாப்பிடும்போது, வெள்ளைக்காரன் பிள்ளைக்குப் போர்வையும் இல்லையாம், குல்லாவும் இல்லையாம் என்று கிண்டல் மாதிரி சொன்னேன். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவன் வீட்ல ஹீட்டர் கீது. நம்ம வீட்ல இன்னா கீது, சிமென்ட் சீட்டு."

அக்கா அதற்குமேல் ஒன்று சொன்னாள். "மொதல்ல நீ ஒண்ணு பெத்துக்கோ, அப்புறம் வந்து எனக்குச் சொல்லு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் குழந்தை, எப்படியோ போ என்று நினைத்தேன். இதை இப்படியே எழுதுகிறேன், மாற்றப்போவதில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

அந்த டிசம்பரில் ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல். ஸ்டவ் புகைந்ததென்று சாயங்காலம் சன்னலைக் கொஞ்சம் திறந்தவள், அப்படியே போய்ப் படுத்துவிட்டாள். அம்முவுக்கு அன்றைக்கு அலங்காரம் என் கையால். பருத்தி, ஃபிளானல், ஸ்வெட்டர், உறைகள், குலாவி எல்லாம் நானே போட்டேன். ஒன்றையும் குறைக்கவில்லை. குறைத்தால் பேச்சு வரும். திறந்திருந்த சன்னலைப் பார்த்தேன். எழுந்துபோய்ச் சாத்தச் சோம்பல். போர்வைக்குமேல் என் சால்வையையும் போட்டேன். பாசத்தில்தான் போட்டேன்.

விடியற்காலை முதலில் எழுந்தது நான். போர்வையும் சால்வையும் அம்முவின் முகத்துக்குமேல் இருந்தன. இழுத்து நெஞ்சுவரை இறக்கினேன். அப்புறம்தான் அக்காவைக் கூப்பிட்டேன். முகத்தைத் தொட்டபோதே எனக்குத் தெரியும். இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சில குழந்தைகள் இப்படிப் போய்விடும் என்றார்கள். சந்து முழுக்க ஒரே பேச்சு, குளிர் அடித்துவிட்டது. அக்கா யார் பேச்சையும் கேட்கவில்லை, திறந்திருந்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தானே திறந்தேன் என்று ஒரே ஒருமுறை சொன்னாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தேன்.

அதிலிருந்து அக்கா சன்னல் திறந்ததில்லை. மூன்று வருஷம் கழித்துப் பிறந்த திவ்யா சாத்திய அறையில்தான் வளர்ந்தாள். மே மாதத்தில் பஸ்ஸில் ஏறினால் அக்கா முன்சீட்டுக் கண்ணாடியையும் சேர்த்து இழுத்துச் சாத்துவாள். எத்தனை பேர் அவளோடு சண்டை போட்டிருக்கிறார்கள். கூட இருந்து அவளுக்காக நானும் கத்தியிருக்கிறேன். கத்துவது எனக்குச் சுலபம். முப்பது வருஷம் கத்தியே ஓட்டியிருக்கிறேன்.

திவ்யாவிடம் தலையாட்டிய மூன்றாம் நாள் சாயங்காலம். திவ்யா ஆபீஸ் மீட்டிங் என்று அடுத்த அறையில் லேப்டாப்போடு கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அக்கா குழந்தைக்கு உடம்பு துடைத்து ராத்திரித் துணி போட்டுக்கொண்டிருந்தாள். தூக்கப் பை நாற்காலிமேல் கிடந்தது. ஸ்வெட்டர் ஏறியாயிற்று. குல்லாவைப் போட்டுக் கன்னத்தைத் தடவினாள்.

"பாருடீ, எப்டி செவந்திருக்கான்."

நான் போய்க் குல்லாவைக் கழற்றினேன். அவள் பிடுங்கித் திரும்பப் போட்டாள். நான் திரும்பக் கழற்றினேன். அம்பது தாண்டிய இரண்டு பொம்பிளைகள் உள்ளங்கை அளவு கம்பளிக்கு இழுத்துக்கொண்டு நிற்கிறோம். குழந்தை எங்களை வேடிக்கை பார்த்தது.

"பனி எறங்குதுடீ. இன்னா பைத்தியமா ஒனக்கு?"

"அம்முவுக்கு சன்னலால ஒண்ணும் ஆவலக்கா."

அந்தப் பெயரை முப்பது வருஷமாக நாங்கள் யாரும் சொன்னதில்லை. அக்கா கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாகராஜ் சார், மூட்டை, என் ரோஷம், சால்வை, காலையில் போர்வை இருந்த இடம், அதை நான் இறக்கியது. எனக்கு நயமாகச் சொல்லத் தெரியாது. கேட்டவுடன் வலிக்கிற மாதிரிதான் சொன்னேன். துணிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை, ஆனால் நீ இத்தனை நாள் உன்னையே திட்டிக்கொண்டது பொய் என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எவ்ளோ மூடியிருந்துச்சு?"

"முழுசா."

தலையை ஆட்டிக்கொண்டாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். காலுறையைக் கழற்றினாள். ஒற்றைப் பருத்திச் சட்டையோடு குழந்தையைத் தூக்கப் பைக்குள் விட்டாள். ஜிப்பை ஏற்ற அவளுக்குக் கைவரவில்லை. நான் கை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டுத் தானே மெதுவாக ஏற்றினாள். மல்லாக்கப் படுக்கவைத்தாள். பக்கத்திலிருந்த தலையணையை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு எழுந்து போய் சன்னலைத் திறந்தாள்.

எதிர்க் கட்டடத்தின் ஏசி மெஷின்களிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. கூடவே சிமென்ட் தூசி. டிசம்பர் மாதம். அக்கா கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

"குளிரவே இல்லையேடீ," என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவள் சொன்னது சரி. பல் கிட்டிக்கவைத்த அந்தக் குளிர் இப்போது இல்லை. ஜீவனஹள்ளி ஷீட் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது, சந்தில் இரண்டு கார் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கார்மென்ட்ஸை மூடி அந்த இடத்தில் அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். நாகராஜ் சார் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அம்முவுக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பெயர் வைத்தபிறகு எடுக்கலாம் என்றிருந்தார் மாமா.

அக்கா எனக்குப் போன் செய்வதில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. திவ்யாதான் எடுக்கிறாள். குழந்தை நன்றாகத் தூங்குகிறான் சித்தி, நீங்க என்ன மந்திரம் போட்டீங்க என்று கேட்கிறாள். சன்னல் என்று மட்டும் கேட்பேன்.

திறந்துதான் இருக்கிறதாம்.