ஆதிநாராயணன் நோட்டீஸில் எழுதாமல் விட்டது

விருத்தாசலம் பீங்கான் ஆலையில் சூளைக்குள் பொம்மை அடுக்குகிற வேலை ஆதிநாராயணனுக்கு. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், சாயாமல், ஒரு சூளைக்கு ஆயிரம் பொம்மை அடுக்குவான். ஒன்றுகூட மூளியாகாது. அந்தக் கைக்கு ஆலையில் நல்ல மதிப்பு இருந்தது. ஆனால் அவனுக்கு அது போதவில்லை. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்காவது போகவேண்டும், முன்னால் நின்று "எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்தவேண்டும், அதில்தான் அவனுக்கு உயிர். பழனிக்குப் போய் வந்தான், திருப்பதிக்குப் போய் வந்தான். ஆலையில் அவனை 'டூரு' என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாசம் அவனுக்குக் கோதாவரி ஆசை பிடித்தது. ராஜமுந்திரியில் லாஞ்சு ஏறினால் மலைக்கு நடுவே ரெண்டு நாள் ஆற்றிலேயே போய் பத்ராசலத்தில் ராமரைப் பார்க்கலாம் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டான். அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணிமுத்தாற்றைச் செருப்பு நனையாமல் நடந்து தாண்டுகிற ஊர் இது. இங்கே இருக்கிறவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? ஆதிநாராயணனுக்கும் தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரியாது என்ற வார்த்தை அவன் வாயில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஸ்கூல் வாத்தியார் பாலகிருஷ்ணனிடம் உட்கார்ந்து லாஞ்சு ஆபீஸுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வைத்தான். பதில் வந்ததும் அதை வைத்து ஒரு நோட்டீஸ் தயார் பண்ணி, பிரஸ்ஸில் கொடுத்து அச்சடித்தே விட்டான். 'முதன்முறை படகுப் பயணம் செய்வோர் அறிய வேண்டிய பதினோரு குறிப்புகள்.'

குறிப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆற்றுக் காற்று குளிரும், கம்பளி வேண்டும். எதையாவது பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே பக்கமாக ஓடக்கூடாது, லாஞ்சு சாயும். ஸ்டவ் கொண்டுவரக்கூடாது. தலை சுற்றினால் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கவும். வெற்றிலை எச்சிலைக் காற்று வருகிற பக்கமாகத் துப்பவேண்டாம். முப்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். அவன் பெண்சாதியையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் பெண்கள்.

அதில் ஒருத்தி கொளஞ்சியம்மாள். ஆலையில் மண் கரைக்கிற தொட்டியில் வேலை. நாற்பத்தைந்து வயசு இருக்கும், புருஷன் இல்லை. அதிர்ந்து பேசாத பொம்பளை. கம்மாபுரத்தைத் தாண்டி வெளியூர் பார்த்ததில்லை. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் ஆதிநாராயணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, நோட்டீஸுல போட்டிருக்கிறது தவிர வேற எதுனா இருக்குதா?"

"எல்லாம் அதுலயே இருக்குது யக்கா. படிச்சுக் காட்டட்டுமா?" அவள் பதில் சொல்வதற்குள் பதினொன்றையும் ஒப்பித்தான்.

தலையாட்டினாள். போகவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "ரெண்டு நாளும் படகுலயேதானா? நடுவுல எங்கயும் எறங்க வுடமாட்டானா?"

ஆதிநாராயணன் சிரித்தான். பக்கத்தில் சூளைக்கார பக்கிரி வேறு உட்கார்ந்திருந்தான். கேட்க ஆள் இருந்தால் இவனுக்கு வாய் நீளும். "எறங்கி என்னா பண்ணப்போற? கோதாவரிய நம்ம மணிமுத்தாறுன்னு நெனச்சியா, எறங்கி நடக்குறதுக்கு? பயமா இருந்தா சொல்லு, உன்னக் கயித்துல கட்டி உக்கார வெக்கிறேன்."

பக்கிரி தொடையைத் தட்டிச் சிரித்தான். கொளஞ்சியம்மாளும் சிரித்த மாதிரி பண்ணிவிட்டுப் போனாள்.

உள்ளே இருந்து விருத்தாம்பாள் வந்தாள், அவன் பெண்சாதி. "ஏங்க, அந்த யக்கா என்னா கேட்டாங்கன்னு புரிஞ்சுதா?"

"பயப்படுறா. ஏறிட்டா சரியாப்பூடும்."

விருத்தாம்பாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பக்கிரி அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவன் எதிரில் எப்படிச் சொல்வாள்? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள். அப்புறம் சொல்லவும் இல்லை. கிளம்புகிற வேலையில் மறந்தே போனாள்.

ராஜமுந்திரியில் விடியற்காலை லாஞ்சு ஏறினார்கள். முதல் ஒரு மணி நேரம் ஆதிநாராயணன் கால் தரையில் பாவவில்லை. "அந்தப் பக்கம் பாருங்க, மலை! ஒரே பக்கமா ஓடாதீங்க, குறிப்பு நாலு!" ஆற்றின் அகலத்தைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களைப் பார்த்து, தானே வெட்டிவிட்ட ஆறு மாதிரி சிரித்தான்.

லாஞ்சில் மறைவான இடம் என்று ஒன்று கிடையாது. பின்பக்கம் இஞ்சினை ஒட்டி, லாஞ்சு ஆட்கள் ஒதுங்குவதற்குச் சாக்குத் தொங்கவிட்ட ஒரு மூலை இருந்தது. காற்றடித்தால் சாக்கு தலைக்கு மேலே பறக்கும். சுற்றி நாலு ஆம்பிளைகள் இஞ்சின் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்த ஆம்பிளைகள் போனார்கள், வந்தார்கள், அவர்களுக்கு என்ன? பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். சின்னப் பெண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு மலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

இது எதுவும் ஆதிநாராயணன் கண்ணில் படவில்லை. பட்டதெல்லாம் புளியோதரை மிஞ்சியதுதான்.

"என்னா இது, பொம்பளைங்க யாருமே சாப்புடல? ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிண்டினது யாருக்கு? குளிருல தண்ணி குடிக்காம கெடந்தா மயக்கம் வரும்." சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தான். கொளஞ்சியம்மாள் முன்னால் உட்கார்ந்தே விட்டான். "குடி யக்கா. கோதாவரித் தண்ணி, புண்ணியம்."

"வாணாம் தம்பி."

"நீ குடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

எல்லாரும் பார்த்தார்கள். அவள் சொம்பு முழுவதும் குடித்தாள்.

மூணு மணி வாக்கில் அவனைக் கையாட்டிக் கூப்பிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. "தம்பி, கரையில ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லு. உனக்குப் புண்ணியமா போவும்."

அப்போதாவது முகத்தைப் பார்த்திருக்கலாம் பாவி. பார்க்கவில்லை. எழுந்து நின்று லாஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஓட்டுறவரே! எங்க யக்காவுக்குப் பயம் வந்துடுச்சாம், கரைக்குப் போவணுமாம்!" என்றான். லாஞ்சுக்காரனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அவனும் சிரித்து, ராத்திரி தங்குகிற ஊர் வர இன்னும் ஒரு மணி நேரம், பயப்படாமல் உட்காரச் சொல் என்று கைகாட்டினான். ஆம்பிளைகள் பக்கம் கொல்லென்று சிரிப்பு.

கொஞ்ச நேரம் போயிற்று. ஆதிநாராயணன் ஆம்பிளைகளோடு பாயில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தான். பாயின் ஓரம் நனைந்தது. பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் நெளிந்து வருகிறது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு.

"யாரு சொம்ப கவுத்தது?"

பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கேக்குறேன் இல்ல? யாரு கவுத்தது?"

விருத்தாம்பாள் எழுந்தாள். பக்கத்தில் இருந்த குடத்தைத் தூக்கி, கொளஞ்சியம்மாளுக்கும் தனக்கும் நடுவே அப்படியே சாய்த்தாள். குடத்துத் தண்ணீர் முழுவதும் பலகைமேல் ஓடி இருவர் சேலையையும் நனைத்தது. "நான்தான் கவுத்தேன். இப்ப என்னாங்க அதுக்கு?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கொளஞ்சியம்மாளைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிந்தது. வாசலில் முந்தானையைச் சுருட்டியதும், வாணாம் தம்பி என்றதும், ஒரு நிமிசம் என்று கெஞ்சியதும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியே ஆற்றில் குதித்திருப்பான், அதற்கும் தைரியம் இல்லை.

ஊர் வந்து லாஞ்சு நின்றதும் விருத்தாம்பாள் கொளஞ்சியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். இருவரும் நேரே ஆற்றுக்குள் போய்ச் சேலையோடு முங்கினார்கள். பின்னாலேயே மற்ற பெண்கள் அத்தனை பேரும் இறங்கி முங்கினார்கள். குளிரில் பல் அடித்துக்கொண்டது. பத்தொன்பது பேரும் நனைந்துபோய்க் கரையேறினார்கள், இனி யார் சேலை எதில் நனைந்தது என்று எவன் சொல்ல முடியும்? ஆதிநாராயணன் கரையில் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். மறுநாள் ராமர் சந்நிதியில் அவன் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டுவது?

அதோடு முடிந்திருந்தால் காலம் ஆற்றியிருக்கும். லாஞ்சில் கூட வந்திருந்த பக்கிரி பார்த்துத் தொலைத்திருந்தான். ஆலையில் எங்கே தண்ணீர் சிந்தினாலும், மண் கரைசல் கொட்டினாலும், ஒரு குரல் வரும்: "யாரு சொம்ப கவுத்தது?" சுற்றி ஒரு சிரிப்பு. ஒரு மாசத்தில், டூருக்கு வராதவன்கூடச் சொல்ல ஆரம்பித்தான். கொளஞ்சியம்மாள் தொட்டிக்குள் குனிந்தபடியே இருப்பாள். நிமிர மாட்டாள்.

ஆதிநாராயணனின் வார்த்தை அது, அவன் வாயில் பிறந்தது. ஒவ்வொரு தடவையும் 'போதும் நிறுத்துங்கடா' என்று நாக்கு நுனி வரை வரும். சொன்னால் அன்றைக்கு நடந்ததைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிவிடுவான். அப்படித்தான் தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான். ஒருநாள் பக்கிரி சொன்னபோது பத்துப் பேர் இவன் முகத்தைப் பார்க்க, இவனும் லேசாகச் சிரித்து வைத்தான். நிமிராத கொளஞ்சியம்மாள் அன்றைக்கு நிமிர்ந்தாள். அவன் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

அன்று வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லாஞ்சில் தெரியாமல் செய்தான், சரி. இது தெரிந்தே செய்தது. இதற்கு எந்தக் குடத்தைச் சாய்ப்பது?

ரெண்டு வருஷம் டூர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எழுபத்தொன்றில், பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற கனகா வந்து நின்றாள். "அண்ணே, நாங்க பத்துப் பொம்பளைங்க கோதாவரிக்கு வரோம். நீங்க கூட்டிக்கினு போகலன்னா நாங்களே போறோம்." சின்னப் பெண், அன்றைக்கு வராதவள். முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

விருத்தாம்பாள் கேட்டுவிட்டு, "அதுங்க எப்படியும் போவுங்க. ஒண்ணும் தெரியாமத்தான் போவுங்க," என்றாள். "எனக்கு அன்னிக்கு வாசல்லயே தெரியும். வாயத் தொறந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கினு இருந்துட்டேன். நம்ம ரெண்டு பேரு வெக்கமும் சேந்து அந்த யக்கா தலையில வுழுந்துச்சு."

மறுநாள் பாலகிருஷ்ணன் வாத்தியாரிடம் போனான். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. வாத்தியார் பேனாவை மூடினார். "இதையெல்லாமாய்யா கடுதாசியில கேக்குறது?"

"கேளுங்க சார். போன தடவ கேக்காம வுட்டதுதான் தப்பு."

பத்து நாளில் பதில் வந்தது. வாத்தியார் படித்துச் சொன்னார்: வழியில் ரெண்டு ஊரில் கரைக்கு ஓரமாக நிறுத்தலாம், பெண்களுக்கு மறைப்புக்குத் துணியும் கட்டித் தரலாம். பயணிகள் சொன்னால் செய்யக்கூடியதுதான். இதுவரை யாரும் சொன்னதில்லை.

"வேற ஒண்ணும் எழுதலியா சார்?"

"அவ்வளவுதான்."

காரணத்தைச் சொல்லியிருந்தால் லாஞ்சுக்காரன் அன்றைக்கே நிறுத்தியிருப்பான். ஆதிநாராயணன் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பிரஸ்காரர் புது நோட்டீஸைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதப் போயி மொதல்லயா போடுறது? கடைசியில பொடி எழுத்துல போட்டுக்கலாம்."

"மொதல்ல போடுங்க. இருக்கிறதுலயே பெரிய எழுத்துல போடுங்க."

ஈரம் காயாத நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே கொளஞ்சியம்மாள் தெருவுக்குப் போனான். அவள் குழாயடியில் நின்றிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள், எதிரே டீக்கடையில் பக்கிரியும் இன்னும் நாலு பேரும். மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் வந்தான். அதற்குப் பதிலாக நோட்டீஸை நீட்டினான்.

"எனக்குத்தான் எழுத்து தெரியாதே. படி."

குனிந்துகொண்டு முணுமுணுத்தான். "பெண்கள் கவனத்துக்கு. லாஞ்சில் பெண்கள் ஒதுங்க வசதி கிடையாது. அதனால் காலையில் ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் கரையில் நிறுத்தப்படும். நடுவில் அவசரம் என்றால் யாராக இருந்தாலும் சொல்லவும், உடனே நிறுத்தப்படும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. டீக்கடைப் பக்கம் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கொளஞ்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சத்தமா படி தம்பி. அன்னிக்கு சத்தமாத்தான கேட்ட?"

ஆதிநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். டீக்கடைப் பக்கமாகத் திரும்பி நின்று, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான்.