எட்டு லிஃப்ட்டும் கீழே வந்த வீடியோ

எங்கள் அறையில் அவருக்கு லிஃப்ட் அண்ணன் என்று பெயர். முப்பது மாடிக் கட்டடம் ஒன்றில் எட்டு லிஃப்ட்டுகளும் அவர் பொறுப்பு. ஒன்பது வருடமாக வெளிநாட்டில் இதே வேலை. கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எந்த லிஃப்ட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். பெற்ற பெண்ணை மட்டும் இரண்டு வயதில் பார்த்தது. இப்போது அவளுக்கு ஆறு.

இந்த வருடம்தான் ஊரில் மாமனார் வீட்டில் இருக்கும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள விசா கிடைத்தது. இந்த மாதக் கடைசிக்குள் வந்து இறங்க வேண்டும். மனுஷன் எங்கள் அறையைக் காலி செய்துவிட்டு ஒற்றைப் படுக்கையறை வீடு பிடித்தார். மகளுக்கு எட்டுகிற உயரத்தில் சுவரில் கொக்கி அடித்தார். சுத்தியலும் கையுமாக நானும் கூட நின்றேன்.

அப்போதுதான் நகரத்தின் இன்னொரு மூலையில், எங்களிடமிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு நகைக்கடையில் கொள்ளை நடந்தது. காவலாளிக்குக் காலில் குண்டு. சாயங்காலத்துக்குள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் நாங்கள் வழக்கம்போல வேலைக்குப் போனோம்.

ஊரில் டிவிக்காரன் சும்மா இருப்பானா? நகரமே பற்றி எரிகிறது என்றான். உயிர் பயத்தில் மக்கள் ஓட்டம் என்று ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டான். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது அண்ணன் எடுத்த வீடியோ.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டடத்தில் தீ ஒத்திகை நடக்கும். அலாரம் அடித்தால் ஆட்கள் படியில் இறங்க வேண்டும். லிஃப்ட்டுகள் தானாகத் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். போன மாதம் நடந்ததை, சூப்பர்வைசருக்குக் காட்ட அண்ணன் படம்பிடித்தார். பெருமை தாங்காமல் குடும்ப குரூப்பிலும் போட்டார். அங்கிருந்து அவருடைய மச்சான் நண்பர்களுக்கு அனுப்ப, அது ஊர் சுற்றி டிவிக்குப் போய்விட்டது. படி இறங்குகிற கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சிரிப்புச் சத்தத்தை எடுத்துவிட்டு, திகில் இசை போட்டிருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாமனார் கூப்பிட்டார். லிஃப்ட் மோட்டார் அறையில் நானும் கூட இருந்தேன்; அண்ணன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன் மாப்ள. புள்ளைய அனுப்ப மாட்டேன்."

"மாமா, அது நான் எடுத்த வீடியோ. தீ ஒத்திகை. குரூப்புல பாத்து நீங்களே கைதட்டுற பொம்மை போட்டீங்க."

"போட்டேன்தான். இருந்தாலும் டிவில சும்மாவா காட்டுவான்?"

"போன வருஷம் உங்க வீட்டு வாசல்லயே தண்ணி லாரி இடிச்சு இடுப்பு ஒடஞ்சு கெடந்தீங்களே மாமா. அத எந்த டிவில காட்டுனான்? அதே ரோட்டதான் என் பொண்ணு தெனம் தாண்டி ஸ்கூலுக்குப் போறா."

"அது நம்ம ஊரு மாப்ள. இது வேற."

அண்ணன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கத்தினார். "ஒம்போது வருஷமா இங்க இருக்கறவன் நான் சொல்றேன். நீங்க சோபால உக்காந்துட்டு எனக்குச் சொல்றீங்க."

மறுமுனையில் ஃபோன் கை மாறியது. மகள்.

"அப்பா, டிவில உங்க வீடியோ பாத்தேன். ஓரத்துல உங்க மஞ்ச ஷூ தெரிஞ்சுது. எல்லாரும் ஓடறாங்க, நீங்க ஏன்ப்பா ஓடல?"

அண்ணன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் அழுக்கே இல்லை.

"லிஃப்ட் எல்லாம் கீழ வந்துருச்சான்னு பாத்துட்டு இருந்தேன்டா."

"வந்துச்சா?"

"வந்துருச்சு. எட்டும் வந்துருச்சு."

"அப்ப அதுல ஏறி வீட்டுக்கு வந்துருங்கப்பா."