மூன்றாம் பக்கத்து விதி

ஒரு பொருளுக்கு ஓர் இடம்தான் என்று உறுதியாக நம்புகிற ஒருவர், ஒரே ஆள் அப்பாவாகவும் தாய்மாமனாகவும் நிற்க வேண்டிய ஊரில் எவ்வளவு காலம் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியும்? நாகஜோதி தன் டம்ளரைத் தேடி அறைக்கும் அடுக்களைக்குமாக நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வரும். அவரிடம் இருப்பது ஒரே ஓர் எவர்சில்வர் டம்ளர். ஒரு குடை. ஸ்கூட்டர் வாங்கியபோது கொடுத்த மாற்றுச் சாவியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர். "ரெண்டு இருந்தா ரெண்டையும் தேடணும் சார். ஒண்ணுன்னா எங்கிட்டாவது ஒரு எடத்துலதான கெடக்கும்."

கே.கே. நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் அவர் வீடு, எதிர்வீடு என்னுடையது. முப்பத்தாறு வயதுப் பெண். பகலில் ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதுகிறார். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை உள்ள நேரம் அவருடைய சொந்த வேலைக்கு. அந்த வேலை ஒரு நிரல் நூலகம். அவர் பேச்சில் "லைப்ரரி". யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு கிடையாது.

அது என்ன செய்கிறது என்பதை நான் மூன்று நாள் கேட்டுப் புரிந்துகொண்டேன். இணையப் பக்கம் என்பது குறிகளால் எழுதப்படுவது. தலைப்பு தொடங்கும் இடத்தில் ஒரு குறி, முடியும் இடத்தில் ஒரு குறி. பத்தி, பட்டியல், படம் எல்லாவற்றுக்கும் இப்படியே. இந்தக் குறிகளைக் கையால் தட்டுகிறவர்கள் திறந்ததை மூட மறப்பார்கள், பக்கம் குலைந்துவிடும். நாகஜோதியின் நூலகத்தில் குறியைத் தட்டவே வேண்டாம். ஒவ்வொரு குறியும் ஒரு பெட்டி. பட்டியல் ஒரு பெட்டி; அதற்குள் வரிகள் சின்னப் பெட்டிகள். தான் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறோம், தனக்குள் என்ன இருக்கிறது என்பது ஒவ்வொன்றுக்கும் தெரியும். கடைசியில் பெரிய பெட்டியிடம் "எழுது" என்றால், திறப்பதும் மூடுவதும் தவறாமல் அதுவே எழுதிக்கொள்ளும்.

இதைப் புதுமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. இதைப் போல உலகத்தில் நிறைய இருக்கின்றன என்று அவரே சொல்வார். நான் கவனித்தது வேறு. நூலகத்துக்கான விளக்கத்தை அவர் தமிழில் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாற்றினார் என்று ஒரு வரி எழுதி, அதன்கீழ் 'காரணம்' என்று போட்டு இரண்டு வரியாவது எழுதுவார். ஏழு வருடமாக ஒரு மாற்றத்துக்கும் இது தவறியதில்லை. "காரணம் எழுத முடியாத மாத்தத்தப் பண்ணவே கூடாது சார். அம்புட்டுத்தான்."

அந்த விளக்கத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு விதி உண்டு: 'ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். வேறிடத்தில் வைத்தால் பழைய இடத்திலிருந்து நகர்ந்துவிடும். இரண்டிடத்திலும் வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளவும்.' இந்த விதியைக் குறை சொல்லி யார் எழுதினாலும், "நாற்காலி மாறி உக்காந்தா பழைய நாற்காலி காலிதான?" என்று பதில் எழுதுவார். அதற்கு மேல் பேச்சில்லை.

வைகாசியில் மேலூரிலிருந்து போன் வந்தது. சிவபாண்டி அங்கே அச்சகம் வைத்திருப்பவர். டிப்ளமோ படித்தவர், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க நாகஜோதியின் நூலகத்தை வைத்துத் தானே ஒரு நிரல் எழுதியிருந்தார். ஒரே பெயரை இரண்டு இடத்தில் தட்டினால் ஓரிடத்தில் இனிஷியல் மாறிப்போகும், அதற்கொரு பஞ்சாயத்து வரும் என்பது அவர் அனுபவம். அதனால் ஒரு பெயருக்கு ஒரே பெட்டி செய்து, அது வர வேண்டிய இடங்களிலெல்லாம் அதையே வைத்தார். முதலில் உறவுமுறைப் பட்டியலை முடிப்பது அச்சகத்துப் பழக்கம். சண்டை வருவது அங்கேதான். அப்புறம் நடுவிலுள்ள அழைப்பு வாசகம்.

மாப்பிள்ளை சூரியபிரகாஷ், மேலூர். பெண் தமிழ்வாணி, எழுமலை. சூரியபிரகாஷின் அம்மா தங்கப்பொண்ணு. அவருடைய கூடப்பிறந்த ஒரே தம்பி விருமாண்டி. தமிழ்வாணி அந்த விருமாண்டியின் மகள். ஆக, விருமாண்டி மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், பெண்ணுக்கு அப்பா. முதலில் தாய்மாமன் இடத்தில் வைக்கப்பட்ட அவர் பெயர், அழைப்பு வாசகத்தில் பெண்ணின் தகப்பனாராக வைக்கப்பட்டதும் விதிப்படி அங்கே நகர்ந்துவிட்டது. அச்சடிக்கும் முன் மாதிரியைத் தங்கப்பொண்ணு செல்போனில் பார்த்தார். நடுவில் தம்பி பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சரி என்றார். ஐந்நூறு பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் போன பிறகு, எழுமலையில் ஒருவர் விருமாண்டியிடம் கேட்டிருக்கிறார்: "என்னப்பா, ஒன் மருமகனுக்குத் தாய்மாமனே இல்லையா?"

கல்யாணத்துக்கு ஒன்பது நாள். சீர் கிடையாது, தாய்மாமன் இல்லாத பந்தலில் மகளை உட்கார வைக்க மாட்டேன் என்று விருமாண்டி அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"மூணாம் பக்கத்துல எழுதிருக்கேன்ணே. படிக்கலையா?" என்று நாகஜோதி போனில் கேட்டார்.

"படிக்காதது என் தப்புத்தான் தாயி. அதச் சொன்னா அவரு கேப்பாரா? ரெண்டு வீடு ஒடையப்போகுது. என் அச்சாபீஸு பேரும் அதோட போச்சு."

நாகஜோதி "திருத்தி அடிங்கண்ணே. நானும் வாரேன்" என்றார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். மறுநாள் காலை சிவபாண்டியின் ஆம்னி வேனில், புதிய பத்திரிகைக் கட்டோடு எழுமலைக்குப் போனோம்.

விருமாண்டி தோட்டத்தில் மோட்டார் அறைக்கு வெளியே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"மேலூர் அச்சாபீஸுக்காரகளா? வாங்க. பொண்ணு வீட்டுக்காரனுக்குத்தான் பத்திரிக்கன்னு நெனச்சேன். மாமன்காரனுக்கும் கொண்டாந்திருக்கீகளாக்கும்."

"அண்ணே, அது கம்ப்யூட்டர் பண்ணுன வேல..."

"கம்ப்யூட்டருக்கும் எனக்கும் என்னப்பா பகை?"

நாகஜோதி முன்னால் வந்தார். "தப்பு என்னுதுங்கய்யா. அவரு நான் செஞ்ச சாமான வச்சுத்தான் அடிச்சாரு. அதுல ஒங்க பேர ஒரு எடத்துல வச்சுட்டு, அதையே எடுத்து இன்னொரு எடத்துல வச்சா, மொத எடத்துலருந்து போயிரும். நகல் எடுத்து வச்சிருந்தா ரெண்டுலயும் நின்னிருக்கும்."

விருமாண்டி ஒயரைக் கீழே வைத்தார். "நகலா? அப்ப எது தாயி நகலு? தமிழ்வாணிக்கு அப்பனா, சூரியபிரகாசுக்கு மாமனா?"

இந்தக் கேள்வியைச் சுற்றிப் பல பக்கங்கள் எழுதிய தத்துவ நூல்களை நான் படித்திருக்கிறேன். எதிலும் இது இவ்வளவு சுருக்கமாக இல்லை. எதைக் கேட்டாலும் நாகஜோதி கேட்ட கையோடு பதில் சொல்பவர்.

"தெரியலங்கய்யா" என்றார்.

"ம். இவுக தெரியலைங்குறாக. நீ கம்ப்யூட்டருங்குற" என்று சிவபாண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விருமாண்டி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைப் பிரித்தார். முதலில் பட்டியலில் தாய்மாமன் வரியைப் படித்தார். பிறகு நடு வாசகத்தைப் படித்தார். இரண்டின் மீதும் விரலை வைத்தார். "ரெண்டுலயும் நாந்தான் நிக்கிறேன். முழுசா." மோட்டார் அறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "முனீஸ்வரி, இவுகளுக்கு டீயப் போடு. அக்காளுக்குப் போன் போட்டு, சீர்த்தட்டு நூத்தியொண்ணு வருதுன்னு சொல்லு. பந்தல்ல எடம் ஒதுக்கச் சொல்லு."

திரும்பும் வழியில் உசிலம்பட்டி தாண்டியதும் சிவபாண்டி கேட்டார். "ஏன் தாயி தப்ப ஒன் மேல போட்டுக்கிட்ட? படிக்காதவன் நாந்தான?"

"நீங்க படிக்கல. சரி. ஒருத்தர எடத்த விட்டு எடுக்கையில சத்தமில்லாம எடுத்தது யாரு? நான் செஞ்சதுதான? சொல்லிட்டுல்ல எடுக்கணும்."

கல்யாணம் நடந்தது. பதினைந்து நாள் கழித்து நூலகத்தின் புதிய பதிப்பு தயாரானது. வெளியிடும் முன் எனக்குக் காட்டினார். மூன்றாம் பக்கத்து விதி அப்படியே இருந்தது. ஆனால், ஓரிடத்தில் இருக்கும் பெட்டியை வேறிடத்தில் வைத்தால் இனி அது பேசாமல் நகராது. வேலையை நிறுத்தி, 'இது இன்ன இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து எடுத்துவிட்டு வாருங்கள்' என்று சொல்லும். காரணம் நான்கு வரி. அளந்து எழுதிய நல்ல வரிகள். இதை நான் எளிதில் சொல்வதில்லை.

அதன்கீழ் இன்னொரு மாற்றம். 'நகல் எடுக்கும் வசதி நீக்கப்பட்டது. இன்னோர் இடத்தில் வேண்டுமானால் புதிதாக ஒன்று செய்துகொள்ளவும்.' பலர் தினமும் பயன்படுத்துகிற வசதி அது. அதை எடுத்தால் அவர்களுடைய நிரல்கள் நின்றுபோகும், கோபமாக எழுதுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த வரிக்குக் கீழே 'காரணம்' என்று இருந்தது. ஏழு வருடத்தில் முதல் முறையாக அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

விட்டுப்போயிற்றோ என்று நினைத்து, திரையில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். "எது நகலுன்னு தோட்டத்துல அவரு கேட்டதுக்கு இன்னமும் பதில் தெரியல சார்" என்றார் நாகஜோதி. 'காரணம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, வெளியிட்டார்.