தூரத்தில் சுற்றிய ராட்டினம்

"ஏனம்மா… மேலே ஃப்ளோர் மில் ஹாக்கிதீரா?"

கீழே இருந்து வீட்டு ஓனரின் குரல். மாடியில் மாவு மில் வைத்துவிட்டீர்களா என்று கேட்கிறார். தீபாவளி முடிந்த அந்த வாரத்தில் மட்டும் இது நாலாவது தடவை!

மைசூர் விஜயநகரில் மாடி போர்ஷன் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? தண்ணீர் ஒழுங்காக வருகிற வீடு, வாசலிலேயே ஸ்கூல் வேன் நிற்கிற வீடு… காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. கவலைப்பட எனக்கு ஒரு காரணம் போதும். கிடைக்காவிட்டால் நானே ஒன்றைத் தயார் செய்துகொள்வேன்.

மாவு மில்லும் இல்லை, ஒன்றும் இல்லை. ராட்டினம்! சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வந்த என் கொழுந்தனார், எங்கள் ஆறு வயசு மகள் சுமிக்கு ஒரு பெரிய டப்பா கொண்டுவந்தார். உள்ளே கலர் கலராய் பிளாஸ்டிக் துண்டுகள், பல் சக்கரங்கள், கம்பிகள், பாட்டரியில் ஓடும் குட்டி மோட்டார். கார் கட்டலாம், கிரேன் கட்டலாம். சுமி கட்டியது ராட்டினம். தசரா பொருட்காட்சியில் பார்த்து வாயைப் பிளந்தாளே, அதே ஜயண்ட் வீல்.

சுவிட்சைப் போட்டால்… கர்ர்ர்ர், டடக், டடக், கர்ர்ர்ர்!

புது பாட்டரி போட்டோம். சத்தம் இன்னும் கம்பீரமானது. தையல் மெஷின் எண்ணெய் விட்டோம். அது பெட்ஷீட்டில் ஒழுகியதுதான் மிச்சம். அடியில் டவலை மடித்து வைத்தோம். சத்தம் கொஞ்சம் அடங்கியது, ராட்டினம் குப்புற விழுந்தது.

"விடு, தானா சரியாயிடும்" என்றார் என் கணவர். அவருக்கு எல்லாமே தானாகச் சரியாகிவிடும்.

இத்தனை அமளியிலும் சுமி மட்டும் ராட்டினத்துக்கு ஒரு ஜாண் தள்ளிப் படுத்துக்கொண்டு, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. "உனக்குக் காதைக் குடையலையாடி?" என்று பின்னாலிருந்து கத்துவேன். திரும்பக்கூட மாட்டாள். என்ன அழுத்தம் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த 'அழுத்தம்' பற்றி ஸ்கூலிலிருந்தும் புகார் வந்தது. போய் நின்றேன். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். பாடம் நடக்கும்போது எங்கேயோ பார்க்கிறாளாம்.

"மனேலி தமிழு… இல்லி கன்னடா, இங்கிலீஷு… மகுகே கன்ஃப்யூஷன், மேடம்" என்றார் டீச்சர். வீட்டில் ஒரு பாஷை, இங்கே இரண்டு பாஷை, குழந்தை குழம்பிப் போகிறது. வீட்டிலும் கன்னடமே பேசிப் பாருங்கள் என்றார். இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

மைசூரில் இருக்கிற எந்தத் தமிழ் அம்மாவுக்கும் இது நியாயமாகத்தான் படும். நாமே காலையில் பால்காரரிடம் ஒரு பாஷை, ஆபீஸில் ஒரு பாஷை, அடுக்களையில் ஒரு பாஷை என்று தாவிக்கொண்டிருக்கிறோம். குழந்தை என்ன செய்யும் பாவம்? அன்றைக்கே வீட்டில் கன்னடத்தை ஆரம்பித்தேன். கத்திரிக்காய் பேரம் பேசுவதற்கு மேல் போகாத கன்னடம்! என் கணவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். சுமி என் வாயையே உற்றுப் பார்த்தாள். இவளுக்கும் என் கன்னடம் வேடிக்கையாக இருக்கிறதோ என்று எனக்கு எரிச்சல் வேறு.

ஒரு நாள் ஐந்து தடவை சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. போய் முதுகில் ஒன்று வைத்தேன்.

"நீ எப்பம்மா கூப்பிட்டே?" என்று அழுதாள்.

பொய் வேறா என்று இன்னொன்று வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடப் போனபோது ராட்டினத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். சுமியும் கூட வந்தாள். மெக்கானிக் முருகேசன், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கௌதள்ளி ஊர்க்காரர். பல் சக்கரத்தைப் பற்றித் தெரிந்தவர் என்று எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

"ஏனுங்க அக்கா, இதையும் நம்மகிட்டயே கொண்டாந்துட்டீங்களா?" என்று சிரித்தார். சுவிட்சைப் போட்டார். கர்ர்ர்ர், டடக்! பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முருகேசன் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் முனையை மோட்டார் மேல் வைத்தார். கைப்பிடியைத் தன் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"வெறும் காதுல கேட்டா எங்கிருந்து வருதுன்னு தெரியாதுங்க. இப்படிக் கம்பி வழியாக் கேக்கோணும். இஞ்சின்லயும் இதேதானுங்க… ஆங், இங்கதான்! சக்கரத்த ரொம்ப ஒட்டி இறுக்கி வெச்சிருக்குதுங்க. ஒரு நூலளவு தள்ளுனா போதும்."

சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆசை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "நீயும் கேக்கறயா கண்ணு?" என்று கைப்பிடியை அவள் காதுக்குப் பின்னால் வைத்தார்.

சுமி துள்ளி விழுந்தாள்.

"அம்மா! இது கத்துதும்மா!"

"இத்தனை நாளா அதைத்தானேடி சொல்லிட்டிருக்கேன்" என்றேன்.

முருகேசன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். ராட்டினம் அதே சத்தத்தோடு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. "இப்ப கண்ணு?" என்றார். சுமி அவர் வாயைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"இப்ப தூரமா போயிடுச்சு."

தூரமா? கையை நீட்டினால் தொடலாம்!

முருகேசன் என்னைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார், எடுத்தார். பக்கத்தில் வந்தது, தூரம் போனது என்றாள் சுமி. வாயையே பார்த்தாளே… என் கன்னடத்தை வேடிக்கை பார்க்கவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். 'எப்பம்மா கூப்பிட்டே?' என்று அழுதாளே, அது பொய் இல்லை!

"அக்கா, ரிப்பேரு முடியலீங்களே!" என்று முருகேசன் கூப்பிடக் கூப்பிட, ராட்டினத்தை ஒரு கையிலும் சுமியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். 'தானா சரியாயிடும்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது.

காது டாக்டரைப் பார்க்க ஐந்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து நாளும் நான் சும்மா இருந்தேனா? பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிடுவேன். தட்டில் கரண்டியால் தட்டுவேன். திரும்பினால் சாமிக்கு ஒரு தேங்காய், திரும்பாவிட்டால் பாத்ரூமில் போய் அழுகை. போன மாதம் இந்தப் பக்கத்தில் ஊறுகாயைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சப்பென்று இருந்ததாக இரண்டு பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். அது அந்த ஐந்து நாளில் எழுதியதுதான்.

டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கிளை உள்ள ஒரு இரும்பு முள்ளைத் தட்டி ரீங்கரிக்க வைத்தார். அதன் காம்பை சுமியின் காதுக்குப் பின்னால் வைத்தார். எடுத்தார், காதுக்கு முன்னால் பிடித்தார். முருகேசன் செய்த அதே வேலை!

"நரம்பு நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றார். "அடிக்கடி சளி பிடிக்குமா? காது சவ்வுக்குப் பின்னாடி நீர் கட்டியிருக்கு. அதான் வெளியிலேர்ந்து வர சத்தம் உள்ளே போகலை. எலும்பு வழியா போறது போயிடுது. மருந்து கொடுத்துப் பார்க்கலாம். கரையலைன்னா சின்ன ஓட்டை போட்டு எடுத்துடலாம்."

கரையவில்லை. ஓட்டைதான் போட்டார்கள். சின்ன ஆபரேஷன் என்றார்கள். சின்னதோ பெரியதோ, அந்த ஆபரேஷன் அறைக் கதவு திறக்கிற வரைக்கும் நான் உட்காரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அடுக்களையில் இருந்தேன். ஹாலில் சுமி பல நாள் கழித்து ராட்டினத்தின் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். கர்ர்ர்ர், டடக்! எட்டிப் பார்த்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள், முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு.

"அய்யோ அம்மா… இவ்ளோ பக்கத்துலயா இருந்துது இது!"

அதற்குள் கீழே இருந்து ஓனர், "ஏனம்மா… மத்தே மில்லா?" என்றார். மறுபடியும் மில்லா என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுமி சட்டென்று சுவிட்சை அணைத்தாள். பால்கனிக்கு ஓடினாள்.

"நில்லிசிதே தாத்தா!"

நிறுத்திட்டேன் தாத்தா என்று, சுத்தமான கன்னடத்தில் பதில் சொன்னாள். பாஷையில் ஒரு குழப்பமும் இல்லை என் பெண்ணுக்கு.

ஓனர் என்னை மன்னிக்க வேண்டும்… சுமி இன்னொரு தடவை காதைப் பொத்துவதைப் பார்க்க, நான் போய் சுவிட்சை மறுபடியும் போட்டேன்.