ஒட்டிக்கிடந்த தாள்கள்

என் அண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி. ஐம்பத்திரண்டு வயதாகியும் லிஃப்டில் தனியாக ஏற மாட்டான். எதிரே நாய் வந்தால் தெருவையே மாற்றிக்கொள்வான். பல் செட் செய்கிற லேபில் அவனுக்கு வேலை. நாள் முழுக்க யாருடைய கடைவாய்ப் பல்லையோ தேய்த்து மெருகேற்றுவான். தனக்குப் பல்வலி வந்தால் மட்டும் மருத்துவரிடம் போகாமல் ஒரு வாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்த ஆள் ஞாயிற்றுக்கிழமையானால் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டப் போகிறான் என்றால் யார் நம்புவார்கள்?

ஒரே பாய், இரண்டு பேர் உட்காரும் சின்னப் படகு. எல்லாம் புத்தகம் படித்துப் பிடித்த கிறுக்கு. அவன் அறையில் கட்டிலைத் தவிர மற்ற இடமெல்லாம் படகுக்காரர்கள் எழுதிய புத்தகங்கள்தான். எது படிக்கத் தக்கது, எது குப்பை என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தான். எழுதியவர் எங்கேயாவது பயந்திருக்கிறாரா என்று தேடுவான். பயப்படவில்லை என்றால் அந்தப் புத்தகம் மறுநாளே பழைய புத்தகக் கடைக்குப் போய்விடும்.

"பயப்படாதவன் எழுதினத நம்பி தண்ணில எறங்கக் கூடாது. ஒண்ணு அவன் பொய் சொல்றான், இல்ல தண்ணிப் பக்கமே போனதில்ல" என்பான்.

புயலை மிரட்டி விரட்டியதாக எழுதியவர்களை "பீத்தல்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவான். கை நடுங்கிச் சுக்கானை விட்டுவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தால் போதும், நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் இடத்துக்கே வந்து வாசித்துக் காட்டுவான். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்பேன்.

அவனோடு படகில் போய்வந்த லேப் நண்பர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாதம் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"நீ வாயேன். இந்த ஒரு புத்தகத்தப் படி, போதும். படிக்க வேண்டிய புத்தகம்னா இதுதான்."

எட்டு நாளில் படித்து முடித்தேன். காற்று பார்ப்பது, முடிச்சுப் போடுவது, பாயைத் திருப்புவது என்று எல்லாம் இருந்தது. நடுவில் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தபால் நிலையத்தில் பதினெட்டு வருடமாகத் தபால்களை ஊர்வாரியாக அடுக்குகிறவள் நான். ஒட்டியிருப்பதைப் பிரிக்க இந்தக் கை வராது. அச்சகத்தில் பசை சிந்தியிருக்கும் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

"ஏண்ணா, இந்த ஆளு எங்கயும் பயப்படவே இல்லயே. இத எப்படி நீ விட்டு வச்ச?" என்று மட்டும் கேட்டேன்.

"பயந்திருக்காரு. நீ சரியாப் படிச்சிருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அண்ணனோடு படகில் போகத் தொடங்கி நான்காவது ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. வெயில் நன்றாக இருந்தது. ஏரி நடுவில் காற்று சட்டென்று பின்பக்கமிருந்து அடித்தது. பாய் என் தலைக்கு மேலாக வீசித் திரும்பியது. நான் எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்திருக்க வேண்டும். மாறவில்லை. படகு என் பக்கமாகவே கவிழ்ந்தது. முதலில் நான் தண்ணீரில் விழுந்தேன், பிறகு பாய் என்மேல் விழுந்தது.

இருட்டாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளை. லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தள்ளியது, ஈரத்துணி முகத்தோடு ஒட்டிக்கொண்டு கீழே தள்ளியது. கையால் முட்டினேன். தூக்கத் தூக்க அது என்மேலேயே படிந்தது. மூச்சு இழுத்தால் தண்ணீர்தான் வந்தது. அந்தப் புத்தகத்தில் இதற்கு என்ன சொல்லியிருந்தது என்று வெறிபிடித்தவள் போல யோசித்தேன். முடிச்சுகள் ஞாபகம் வந்தன, காற்று ஞாபகம் வந்தது. இதற்கு ஒன்றுமே இல்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு என் மேஜையில் தபாலை யார் அடுக்குவார்கள் என்றுகூடத் தோன்றியது.

யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். குளிக்கும்போதுகூடத் தலையைத் தண்ணீருக்குள் முக்காத என் அண்ணன், பாய்க்கு அடியில் வந்து என்னை இழுத்துப்போனான்.

படகுக் கொட்டகையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காவலாளி டீ கொண்டுவந்து கொடுத்தார். பல் கிட்டிப்போய்க் குடிக்க முடியவில்லை. கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்த தன் பையிலிருந்து அண்ணன் அந்தப் புத்தகத்தை எடுத்தான். பேனாக்கத்தியை ஒட்டிய தாள்களுக்கு நடுவில் விட்டு மெதுவாகப் பிரித்து, என் மடியில் வைத்தான்.

பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்ட நாளைப் பற்றி அந்த மனிதர் எழுதியிருந்தார். பயத்தில் தண்ணீருக்குள்ளேயே அழுததாக எழுதியிருந்தார். பாயைத் தூக்கப் பார்க்காதீர்கள், துணியில் ஏதாவது ஒரு தையலைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகப் போங்கள், விளிம்பு வந்துவிடும் என்று அதற்குக் கீழே இருந்தது.

"லேப் பசையா?" என்றேன்.

தலையாட்டினான்.

"ஏண்ணா?"

"இதப் படிச்சா நீ வரமாட்ட. தனியாப் போக எனக்குப் பயமா இருந்துச்சு."

"நான் செத்துப் போயிருந்தா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் தோணவே இல்ல என்றிருந்தால் நம்பியிருப்பேன்.

"ஒட்டும்போதே அத நெனச்சேன்" என்றான். "நெனச்சுக்கிட்டேதான் ஒட்டினேன்."

பாய்க்கு அடியில்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. டீயைக் கீழே வைத்தேன். ஈரச் செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அண்ணன் பத்தடி தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.