முழங்காலுக்கு ஒரு வைத்தியர்

எங்கள் தோட்டத்து லய வீட்டிலிருந்து பஸ் பாதைக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். போன மழைக்காலத்தில் என் மனைவி இருபதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கியிருந்தது. இப்படியே போய்ப் படி இறங்கவே முடியாவிட்டால் பலாங்கொடை கிளினிக்குக்குப் போக முடியாது. அவளுடைய சீனி வியாதிக்கு மாத்திரை அங்கேதான் கிடைக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில், அவளைத் தாங்கித் தாங்கிப் படி இறக்கி, டவுனில் ஒரு வைத்தியரிடம் போனோம். சுவரில் அவருடைய படங்கள் பதினேழு, எல்லாவற்றிலும் கழுத்தில் மாலை.

"இங்கிலீஷ் மாத்திரைய இன்னைக்கே நிப்பாட்டுங்க. இருபத்தொரு நாள்ல ஓடுவாங்க" என்றார்.

ஆறு கேள்விகள் கேட்டேன். எத்தனை மணிக்குக் கடை மூடுவார் என்ற ஒன்றுக்குத்தான் ஒழுங்கான பதில் வந்தது. மருந்து வாங்காமல் எழுந்துவிட்டேன்.

"ரிட்டயராகியும் வாத்தியார் வேல போகல. அவரு என்ன பரீட்சையா எழுத வந்தாரு?" என்று பஸ்ஸில் வழி முழுக்க முணுமுணுத்தாள் மனைவி.

அடுத்த வாரம் றக்வான பாதையில் இருக்கும் சிங்கள வைத்தியரிடம் புறப்பட்டோம். வெதமாத்தயா என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு நாற்பது வெற்றிலை கொடுப்பது முறை. கடைக்காரர் தந்ததில் முப்பத்தெட்டுத்தான் இருந்தது. இன்னும் இரண்டு கேட்டு வாங்கினேன்.

"மாத்திர திங்கிறத சொல்லிறாதீங்க. கோவிச்சுக்குவாரு" என்றாள். தோட்டத்தில் இது பழக்கம். டாக்டரிடம் கஷாயத்தைப் பற்றிப் பேசமாட்டோம். வைத்தியரிடம் மாத்திரையைப் பற்றிப் பேசமாட்டோம்.

வெதமாத்தயா வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினார். எண்ணவில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம். சுவரில் அவருடைய பதிவு இலக்கம் மட்டும் தொங்கியது. அதைக் குறித்துக்கொண்டேன். முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு ஓர் அரிஷ்டப் போத்தலை எடுத்தவர், வேறு மருந்து ஏதும் எடுக்கிறாளா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே, மாத்தயா, நே" என்றாள் இவள், இல்லவே இல்லை என்று தலையாட்டி.

என்னால் தாங்க முடியவில்லை. காலையில் இரண்டு, இரவில் இரண்டு, போன செவ்வாய் ஒன்று தவறியது என்று கொட்டிவிட்டேன். அவள் என் தொடையைக் கிள்ளினாள். நான் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினேன்.

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். பிறகு அரிஷ்டத்தைத் திரும்ப அலமாரித் தட்டில் வைத்தார். அதில் வெல்லம் இருக்கிறது, சீனி உள்ளவருக்கு ஆகாது என்றார். பூச எண்ணெய் மட்டும் தந்தார். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. இரண்டு வாரத்தில் வீக்கம் குறையாவிட்டால் தன்னிடம் வராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். என்ன எண்ணெய் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார், டாக்டர் பார்க்கட்டும் என்று.

"ஒங்க வாய்க்கு பூட்டுதான் போடணும்" என்றாள் வெளியே வந்ததும். பஸ் ஏறிய பிறகு, "நல்ல மனுசன், என்ன?" என்றாள்.

பதின்மூன்றாம் நாள் கிளினிக். கொப்பியோடு புறப்பட்டோம். எழுபத்தொன்றாவது படிவரை நிற்காமல் இறங்கினாள்.

"இன்னும் எத்தனங்க?"

"நாப்பத்தொண்ணு."

"எண்ணாம கையப் புடிங்க."

பிடித்துக்கொண்டேன். மீதியை மனதுக்குள் எண்ணினேன்.